பாட்டோட வயித்தை வெட்டினது நான்தான்



சம்பா நடவு முடிஞ்சது. வாய்க்கால்ல தண்ணி வருது. மேலுரம் போட இன்னும் ஒரு வாரம் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல வச்சிருந்த ஒரு விஷயத்தை இந்த இடைவெளியில எழுதிடறேன். வழக்கமா நெல்லு, மாடு, மழைன்னு எழுதுவேன். இது ரேடியோ விஷயம்.

தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். நாலு வருஷமா சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு நான் ரேடியோவுல பேசறேன். எங்க ஊர்லேருந்து ஒன்பது கிலோமீட்டர்ல ஒரு கல்லூரி இருக்கு. அங்க நடத்துற சமூக வானொலியில ஒரு மணி நேரம். அரை மணி பழைய சினிமாப் பாட்டு, அரை மணி எங்க பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரின்னு கலந்து வரும்.

போன மாசம் சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகனுக்கு ரெண்டு மூணு பதிவு அனுப்பினேன். கேட்டுட்டு, "மாமா, மண் மணக்குது. எவ்வளவு வெள்ளந்தியான ஜனங்க! இதைக் கேட்டா ஆபீஸ் டென்ஷனே போயிடுது"ன்னு பதில் போட்டான். நல்ல பையன். பாசத்துலதான் சொன்னான். ஆனா அந்த 'வெள்ளந்தி'ங்கற வார்த்தை எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி குத்திச்சு. ஏன்னா அவன் கேட்ட பாட்டுல ஒண்ணு, வெள்ளந்தியா ஆக்கப்பட்ட பாட்டு. ஆக்கினது நான்.

அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, ஒரு விவசாயி எப்படி ரேடியோவுக்குப் போனான்னு சொல்லிடறேன். இலைச்சுருட்டுப் புழுவைப் பத்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. பேசி முடிச்சுட்டு வெளிய வந்தப்போ அங்க படிக்கிற பசங்க டீ வாங்கிக் குடுத்தாங்க. ஒரு பையன் ஏதோ பழைய பாட்டை செல்லுல வச்சிருந்தான். நான் சும்மா இருக்காம, இது இன்ன படம், இசை இன்னார், எழுதினது இன்னார், பாடினது இன்னார்னு சொன்னேன். அடுத்த பாட்டுக்கும் சொன்னேன். அதுக்கு அடுத்ததுக்கும் சொன்னேன். "ஐயா, நீங்களே வந்து இந்த நிகழ்ச்சியைப் பண்ணுங்களேன்"ன்னாங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவன் நான். கல்லூரிக்குள்ள போனதே அதுதான் முதல் தடவை.

அந்த விவரமெல்லாம் எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா, இலங்கை வானொலியிலேருந்து. எங்க பக்கம் கடல் தாண்டினா இலங்கை. நான் சின்னப் பையனா இருந்தப்போ திருச்சி வானொலியை விட இலங்கை வானொலி தெளிவா எடுக்கும். மயில்வாகனன் பேரைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். கே.எஸ். ராஜா வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீது தமிழையும் நானே கேட்டு வளர்ந்தேன். அவங்ககிட்ட கத்துக்கிட்டது ஒண்ணுதான். ஒரு பாட்டைப் போடறதுக்கு முன்னாடி அது யாரோடதுன்னு சொல்லணும். எழுதினவர், இசை போட்டவர், பாடினவர்னு அத்தனை பேரையும் சொல்லணும். சாப்பாடு போட்டவங்க பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடற மாதிரி.

திருச்சி வானொலியையும் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 1939-லேருந்து இருக்கிற நிலையம் அது. அறுபதுகள்ல ஆடுதுறை 27-ங்கற நெல் ரகம் வந்தப்போ, அதை எப்படி நடணும், என்ன உரம் போடணும்னு அந்த வானொலிதான் சொல்லிக் குடுத்துச்சு. தஞ்சாவூர்க் குடியானவங்க அந்த நெல்லுக்கு வச்ச பேரே 'ரேடியோ நெல்லு'. எங்க அப்பா சாகற வரைக்கும் அப்படித்தான் சொன்னார். ரேடியோ சொன்னா நம்புவாங்க. அதனால ரேடியோவுல பேசறவன் எதைச் சொல்றான், எதை விடறாங்கறது சின்ன விஷயம் இல்ல.

இந்தச் சமூக வானொலிங்கறது என்னன்னு பட்டணத்துல நிறைய பேருக்குத் தெரியல. 1995-ல ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல உச்ச நீதிமன்றம், காத்துல போற அலை பொதுச்சொத்துன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அரசாங்கத்துக்கும் சொந்தமில்ல, கம்பெனிக்கும் சொந்தமில்ல, ஜனங்களோடது. அதுக்கப்புறம்தான் கல்லூரிகளுக்கு வானொலி நடத்த அனுமதி குடுத்தாங்க. 2004-ல சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல தொடங்கினதுதான் நாட்டுலயே முதல். 2006-லேருந்து தொண்டு அமைப்புகளும் நடத்தலாம்னு ஆச்சு. கோபுரம் 30 மீட்டர் உசரம், சக்தி 100 வாட். சுத்துவட்டாரம் பத்து கிலோமீட்டர் கேட்டா பெருசு. சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது. நிகழ்ச்சியில பாதியாவது அந்தப் பகுதி ஜனங்களோட சேர்ந்து தயாரிச்சதா இருக்கணும். அந்தப் பாதிக்குத்தான் எங்க நாட்டுப்புறப் பாட்டு.

சினிமாப் பாட்டு போடறது சுலபம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எங்க தஞ்சை மண்ணுக்காரர். 29 வயசுல, 1959-ல போயிட்டார். அவர் பாட்டு போட்டா எந்தத் தெருவுலேருந்தும் போன் வரும். மருதகாசி எழுதின உழவுப் பாட்டு ஒண்ணு 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துல வரும், 1957. கே.வி. மகாதேவன் இசை, டி.எம்.எஸ். பாடினது. எந்த ஊர் மாடு, எந்த ஊர் ஏரு, எந்த ஊர் சந்தைன்னு வரிசையா சொல்ற பாட்டு. அதைப் போடாம ஒரு மாசம் ஓட்ட முடியாது. இதெல்லாம் தயாரா இருக்கு. எடுத்துப் போடறதுதான் வேலை.

நாட்டுப்புறப் பாட்டு அப்படி இல்ல. அதைத் தேடிப் போகணும். போனாலும் உடனே பாட மாட்டாங்க. நாற்காலி போட்டு உக்கார வச்சு, மைக்கை நீட்டி, "பாடுங்க"ன்னா ரெண்டு அடியிலேயே நின்னுடும். அந்தப் பாட்டு கையோட சேர்ந்தது. நாத்தைப் பிரிச்சுக் குத்துற கைக்குத்தான் அடுத்த அடி ஞாபகம் வரும். அதனால வயல்லயே பதிவு பண்ணுவோம். காத்து அடிச்சா மைக்குல பேய் மாதிரி இரையும், பழைய பனியனைச் சுத்தி வைப்போம். பக்கத்துல பம்புசெட்டு ஓடினா அன்னிக்கு வேலை கிடையாது.

ஒப்பாரி இன்னும் கஷ்டம். வீட்டுக்குள்ள பாட மாட்டாங்க. சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வச்சா சாவு வரும்னு நம்பிக்கை. அதுல தப்பும் இல்ல. ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில, ஆலமரத்தடியில உக்காந்துதான் எடுப்போம். பாட ஆரம்பிச்சா நெசமாவே அழுதுடுவாங்க. செத்துப்போன மகனோ புருஷனோ வந்துடுவாங்க. பதிவு பண்ற பையனும் அழுதுக்கிட்டு இருப்பான். அப்படி வந்த பதிவுலேருந்து அஞ்சு நிமிஷத்தை மட்டும் எப்படி எடுக்கறது?

இதுதான் ரேடியோக்காரனோட பிரச்சினை. வயல்ல பாடற பாட்டுக்கு முடிவே கிடையாது. வரப்பு வந்தா முடியும், பொழுது சாஞ்சா முடியும். ரேடியோவுல அஞ்சு நிமிஷத்துல முடியணும். அதனால வெட்டணும். கத்திரி என் கையில இருந்துச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் எங்க வயலுக்கு நடவுக்கு வந்த பெண்கள்ல ஒரு பெரியம்மா இருக்காங்க. எழுபது வயசுக்கு மேல. அவங்க பேரை ரேடியோவுல சொல்லியிருக்கேன், சொல்லிக்கிட்டும் இருக்கேன். ஆனா இங்க எழுத வேணாம்னுட்டாங்க. "காத்துல சொன்னீங்க, நம்ம சனம் கேட்டுச்சு, அது போதும். செல்லுல எழுதுனா உலகமே பாக்குமாம், பேரன் வேணாங்கறான்"ன்னாங்க. அவங்க சொன்னா அதுதான்.

எங்க அப்பா காலத்துல அவங்களைப் பேர் சொல்லி, வா போன்னுதான் கூப்பிடுவார். அவங்க அவரை விட ரொம்ப இளையவங்க இல்ல. நானும் பல வருஷம் "இந்தா"ன்னுதான் கூப்பிட்டேன். எங்க தெரு வேற, அவங்க தெரு வேற. நான் அவங்களை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சது ரேடியோவுக்காக மைக்கைப் பிடிச்ச பிறகுதான். மைக்குல "இந்தா பாடு"ன்னு சொல்ல முடியாதுல்ல. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

அவங்க பாடின நடவுப் பாட்டு பதினெட்டு நிமிஷம். முதல்ல சாமி கும்பிடற அடி. அப்புறம் நாத்து, மழை, அண்ணன் வாங்கித் தந்த சேலைன்னு போகும். கேக்கக் கேக்க இனிக்கும். நடுவுல அறுப்பு வரும், களத்துமேடு வரும், மரக்கால் வரும். அங்கேருந்து பாட்டு வேற மாதிரி ஆயிடுது. வீட்டுக்கு நெல் அளக்கறப்போ மரக்காலைக் கோபுரமா குவிச்சு அளக்கற கை, ஆளுக்குக் கூலி அளக்கறப்போ தலையைத் தட்டி, விரல் ரெண்டை உள்ள விட்டு அளக்குதுன்னு வரும். பசிச்ச பிள்ளைக்கு அந்த ரெண்டு விரல் நெல்லு ஒரு வேளைக் கஞ்சின்னு வரும். அதோட நிக்கல. அளக்கறவனோட மூக்கு, நடை, துண்டு போடற விதம் எல்லாத்தையும் சொல்லிக் கிண்டல் பண்ணும். கூட நடற பெண்கள் எல்லாம் அந்த இடத்துல குலவை போட்டுச் சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரல. அந்த மூக்கும், அந்த நடையும் எங்க தாத்தாவோடது.

எங்க தாத்தா மிராசுதாரர் எல்லாம் இல்ல. எட்டு ஏக்கர் வச்சிருந்தார். எனக்கு வந்தது ரெண்டரை ஏக்கர். நாங்க என்னிக்குமே கடன்காரக் குடும்பம்தான். ஆனா அறுப்பு நாள்ல அந்த ஒரு மணி நேரம் மரக்கால் அவர் கையில இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரத்துல அவர் என்ன செஞ்சார்ங்கறது அந்தப் பாட்டுல இருக்கு.

நிலையத்துல உக்காந்து பையன்கிட்ட சொன்னேன், "தம்பி, பாட்டு நீளமா இருக்கு. அந்தக் களத்துமேட்டுப் பகுதியை எடுத்துடு. சேலையிலேருந்து நேரா கடைசி வாழ்த்துக்குப் போயிடு." அவன் வெட்டினான். ஒட்டினது தெரியவே இல்ல. சனிக்கிழமை ஒலிபரப்பாச்சு. நல்லா இருக்குன்னு போன் வந்துச்சு. என் தங்கச்சி மகனுக்குப் போனதும் அந்தப் பதிவுதான்.

பத்து நாள் கழிச்சு களை எடுக்க வந்தாங்க. சாயங்காலம் கூலி குடுக்கறப்போ அந்த அம்மா பணத்தை எண்ணி முடிஞ்சுக்கிட்டு, மெதுவா கேட்டாங்க:

"தம்பி, பாட்டு கேட்டேன். தலை இருந்துச்சு, வாலு இருந்துச்சு. வயித்தைக் காணுமே?"

"நேரம் பத்தலம்மா"ன்னேன்.

"சினிமாப் பாட்டு அஞ்சு போட்டீங்க. அதுல ஒண்ணைக் கொறைச்சிருக்கலாம்ல?"

நான் ஒண்ணும் பேசல. அவங்களும் அதுக்கு மேல கேக்கல. தூக்குவாளியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கோபப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கூலி அளக்கறப்போ ரெண்டு விரலை உள்ள விட்டார் தாத்தான்னு அந்தப் பாட்டு சொல்லுது. பேரன் என்ன செஞ்சேன்? பதினெட்டு நிமிஷப் பாட்டை அளந்தப்போ நானும் விரலை உள்ள விட்டேன்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு, ஒரு மரக்கால் நெல்லுக்கு இவ்வளவு பேச்சான்னு தோணும். எங்க பக்கத்து வரலாறு தெரிஞ்சா தோணாது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேரை ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைங்களும். அவங்க செஞ்ச குத்தம், சங்கத்துல சேர்ந்ததும் கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டதும்தான். அப்போ அது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். அரைப்படிக்கு அந்த விலை இருந்த மண்ணு இது.

அந்த மாதிரி காலத்துல நேரா நின்னு, "நீங்க குறைச்சு அளக்கறீங்க"ன்னு சொல்ல முடியுமா? பாட்டுல சொல்லலாம். வரப்புல குடையோட நிக்கறவர் காதுல விழும். அவரால ஒண்ணும் கேக்க முடியாது. கேட்டா அது தன்னைத்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால துண்டை உதறிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவார். அந்தப் பெண்களுக்கு இருந்த பஞ்சாயத்து, கோர்ட்டு, பேப்பர் எல்லாம் அந்தப் பாட்டுதான். அதுலேருந்து களத்துமேட்டை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது சேலையும் மழையும்தான். அதைக் கேட்டா வெள்ளந்தின்னுதான் தோணும்.

இதனாலதான் சொல்றேன். நாட்டுப்புறப் பாட்டைப் போடறதா இருந்தா முழுசாப் போடணும். இனிப்பை மட்டும் நக்கிட்டுத் துப்பக் கூடாது. மேடையிலயும் டிவியிலயும் யூடியூப்லயும் இப்போ நடக்கறது பெரும்பாலும் அதுதான். பறை இருக்கும், கண்டாங்கிச் சேலை இருக்கும், பாட்டுல யார் மேல என்ன வழக்குங்கறது இருக்காது.

அடுத்த மாசம் அந்தப் பாட்டை முழுசாப் போட்டேன். அன்னிக்குச் சினிமாப் பாட்டு ரெண்டே ரெண்டு. போடறதுக்கு முன்னாடி, "போன தடவை இதை வெட்டிப் போட்டது நான். காரணம் நேரம் இல்ல, இதுல வர்றவர் எங்க தாத்தா"ன்னு மைக்குலயே சொன்னேன். சொல்லறப்போ தொண்டை அடைச்சுக்கிச்சு. நிலையத்துல இருந்த பசங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டு நின்னாங்க.

என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் ஆகல. எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ரெண்டு மாசம் பேசல. "செத்தவரை ஏன்டா ரேடியோவுல இழுக்கறே"ன்னார். அவர் கேட்டதுலயும் ஒரு நியாயம் இருக்கு. தாத்தா வந்து பதில் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பாட்டைக் கட்டினவங்களாலயும் அன்னிக்கு நேரா பேச முடியல. அம்பது வருஷம் அவங்க காத்திருந்தாங்க. தாத்தா பதினெட்டு நிமிஷம் கேட்டுக்கலாம்னு நான் நினைக்கறேன். அந்தத் தெருவுலேருந்து மட்டும் அன்னிக்கு பதினோரு போன். "மறுபடி எப்போ போடுவீங்க?" எல்லாரும் கேட்டது இதே கேள்வி.

ரெண்டாவது விஷயம், பேரு.

சினிமாப் பாட்டுக்கு மூணு பேரு சொல்றோம். நாட்டுப்புறப் பாட்டு வந்தா, "அடுத்து ஒரு நாட்டுப்புறப் பாடல்"னு முடிச்சுக்கறோம். அது என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா? சரி, கட்டினவங்க யாருன்னு தெரியாது. பாடினவங்க யாருன்னு தெரியும்ல? அந்தப் பேரையாவது சொல்லலாம்ல? சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயியைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். வானொலியில பாடினாங்க, 1985-ல 'ஆண் பாவம்' படத்துல நடிச்சாங்க. அவங்க ஊர்ப் பேரே அவங்க பேரோட சேர்ந்து நின்னுச்சு. பேரைச் சொன்னதாலதான் அது நடந்துச்சு. பேர் சொல்லப்படாத கருப்பாயிங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க.

மூணாவது, கூலி.

சினிமாப் பாட்டுக்கு உரிமைத் தொகை உண்டு. எழுதினவர், இசையமைச்சவர் செத்து 60 வருஷம் வரைக்கும் சட்டம் அவங்க வாரிசுக்குக் காவல் நிக்குது. நல்ல சட்டம். ஆனா 1994-லேருந்து பாடறவங்களுக்கும் தன் பாட்டு மேல உரிமை உண்டுன்னு அதே சட்டத்துல சேர்த்திருக்காங்க. இப்போ அது 50 வருஷம். சேத்துல நின்னு பாடற அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு. அவங்க சம்மதம் இல்லாம பதிவு பண்ணக் கூடாது. எங்க நிலையத்துப் பசங்களுக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

"நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்து, அதுக்குப் போய்க் காசா? காசு வந்தா கலை கெட்டுடும்"னு படிச்சவங்க சிலபேர் சொல்றாங்க. பாட்டு பொதுச்சொத்துதான். தொண்டை பொதுச்சொத்து இல்ல. அந்த அம்மா பதிவுக்காக அரை நாள் உக்காந்தா அரை நாள் கூலி போச்சு. அதை யார் குடுக்கறது? கூலி வாங்காம பாடணும்னு சொல்றவங்க எல்லாம் சம்பளம் வாங்கற ஆளுங்களாத்தான் இருக்காங்க.

அதனால இப்போ எங்க நிகழ்ச்சியில சில வழக்கம் வச்சிருக்கோம். பதிவுக்கு உக்கார்றவங்களுக்கு அன்னிக்கு நடவுக் கூலி எவ்வளவோ அவ்வளவு. ஊர்ல இருக்கிற ரெண்டு கடைக்காரங்க விளம்பரம் குடுக்கறாங்க, அதுலேருந்து எடுத்துக்கறோம். பாட்டு போடறதுக்கு முன்னாடி பேரும் ஊரும், அவங்க சம்மதிச்சா. வெட்டறதா இருந்தா பாடினவங்களை உக்கார வச்சு, எதை வெட்டலாம்னு அவங்களையே கேக்கறது. பதிவை அவங்க வீட்டுச் செல்லுல ஏத்திக் குடுக்கறது. பெரிய செலவு ஒண்ணும் இல்ல. மனசு வரணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இதை எழுதினா, "ஐயோ, இந்தப் பாட்டெல்லாம் அழியுதே"ன்னு வருத்தப்பட்டுப் பலபேர் எழுதுவீங்க. அழியுதுதான். இந்த வருஷம் என் ரெண்டரை ஏக்கர்ல ஒன்றரை ஏக்கரைப் பாய் நாத்தங்கால் விட்டு மெஷின் வச்சுத்தான் நட்டேன். மிச்சம்தான் கை நடவு. ஆள் கிடைக்கல, கூலியும் கட்டுப்படியாகல. மெஷின் சத்தத்துல யார் பாடுவா? அந்த அம்மாகிட்ட, "நடவுப் பாட்டு போயிடும் போலிருக்கேம்மா"ன்னேன். "போனா போவுது தம்பி. இடுப்பு வலியும்ல போவுது"ன்னாங்க.

பாட்டு வாழணும்னு அவங்களைக் குனிஞ்சே இருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்ல. வேலை போகட்டும். அந்த வேலையில அவங்க என்ன பட்டாங்க, என்ன சொன்னாங்கங்கற சாட்சி மட்டும் போகக் கூடாது. ரேடியோ காப்பாத்த வேண்டியது அதைத்தான்.

தெலங்கானாவுல, அப்போ ஆந்திரா, பழைய மேடக் மாவட்டத்துல சங்கம் ரேடியோன்னு ஒண்ணு இருக்கு. 2008-லேருந்து தலித் பெண்களே நடத்தறாங்க. சிறுதானியம் பயிர் பண்றவங்க. அவங்க பாட்டை அவங்களே பதிவு பண்ணி அவங்களே போடறாங்க. அங்க நடுவுல என்ன மாதிரி ஒரு நிலக்காரன் கத்திரியோட உக்காந்திருக்கல. அதைக் கேள்விப்பட்டப்போ எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு. ஆனா சரியான வழி அதுதான்.

எங்க ஊர்ல அந்த அளவுக்கு இன்னும் வரல. இந்த ஐப்பசியிலேருந்து நாட்டுப்புறப் பாட்டு அரை மணியை அந்த அம்மாவும் அவங்க தெருவுல காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணும் பாத்துக்கறாங்க. நான் சினிமாப் பாட்டோட நிறுத்திக்கிட்டேன். முதல் வாரம் மைக்கு முன்னாடி உக்காந்ததும் அந்த அம்மாவுக்குப் பேச்சே வரல. "நான் சொல்ற மாதிரி பேரு ஊரு சொல்லுங்கம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் தன் பேரைச் சொன்னாங்க, ஊரைச் சொன்னாங்க, "இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஆத்தா, அவ பேரு இன்னது, அவளுக்குக் குடுத்தது அவ மாமியா"ன்னு அந்தப் பேரையும் சொன்னாங்க. மூணு பேரு. சினிமாப் பாட்டுக்கு இருக்கற மாதிரியே. இத்தனை வருஷத்துல எனக்கு இதைக் கேக்கத் தோணவே இல்ல.

உங்க ஊர்ல எங்க ரேடியோ எடுக்காது. பத்து கிலோமீட்டர்தான். ஆனா அடுத்த தடவை எங்கயாவது ஒரு நாட்டுப்புறப் பாட்டு கேட்டு மனசு லேசானா, இது யார் பாட்டு, எந்த ஊரு, இதுல எதையாவது வெட்டியிருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்ல முடியாம நாலு பேர் முழிச்சாத்தான் அஞ்சாவது ஆள் பேரைக் கேட்டு எழுதி வச்சுப்பான்.

தங்கச்சி மகனுக்கு முழுப் பாட்டையும் அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரல. கேட்டுக்கிட்டு இருக்கான்னு நினைக்கறேன்.

மழை வர்ற மாதிரி இருக்கு. வரப்பைப் பாத்துட்டு வரணும். அடுத்த பதிவுல மேலுரம் பத்தி எழுதறேன்.